ஓவர் என்றால் எத்தனை பேர்

போன மாதம் ஒரு காலை மாங்குளம் சந்தியில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றேன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த அரச பஸ் ஒன்று பெரிய வீதிக்குத் திரும்பியது. கதவுப் பக்கம் சரிந்தபடிதான் வந்தது. பின்மிதிபலகையில் பெடியன்கள் தொங்கினார்கள். அவர்களுக்கும் வெளியே, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மற்றக் கையால் ரிக்கெற் மெஷினை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண் தொங்கிக்கொண்டு போனாள். பஸ் திரும்பிய வேகத்தில் அவளுடைய சப்பாத்து ஒன்று பலகையை விட்டு விலகிக் காற்றில் நின்றது. பிறகு தடவித் தடவிப் பலகையைப் பிடித்தது.

"அண்ணை, தேத்தண்ணி ஊத்துப்படுது" என்றார் கடைக்காரர்.

அந்தப் பெண் என் மகள் கம்சிகா.

நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட அரச பஸ்ஸில் நடத்துனராக ஓடியவன். முழங்கால் இரண்டும் இனி ஏலாது என்று கையை விரித்ததால் வயதுக்கு முன்னரே ஓய்வெடுத்து, ஒலுமடுவில் கோழி வளர்க்கிறேன். நான் விலகிய பிறகு எங்கள் டிப்போவில் பெண்பிள்ளைகளையும் நடத்துனராக எடுக்கத் தொடங்கினார்கள். நல்ல மாற்றம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நல்ல மாற்றத்துக்கு என் மகளும் விண்ணப்பித்திருக்கிறாள் என்பது நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள்தான் எனக்குத் தெரியவந்தது. மூத்த நடத்துனர் ஒருவரோடு பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் அவளை அந்தச் சந்தியில் கண்டேன்.

பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஓவர்லோட் பஸ்ஸிலை ஏன் பிள்ளை வெளியாலை தொங்கினனி?"

"உள்ளுக்கை இடமிருந்தா நான் ஏன் அப்பா தொங்கிறன்?"

"இடமில்லையெண்டா ஏத்தக்கூடாது."

"நீங்கள் ஏத்தாமலோ விட்டனீங்கள்?"

குசினிக்குள்ளிருந்து மனைவி, "அவரை விடு பிள்ளை. அவர் எப்பவும் ஓவராத்தான் பயப்பிடுறவர்" என்றாள். ஆனால் மகள் குளிக்கப் போனதும் என்னிடம் வந்து மெல்லிய குரலில் வேறு கதை கதைத்தாள். "இஞ்சேருங்கோ, வேலையை விடச் சொல்லுறதெண்டா அவள் தனிய ஓடத் தொடங்க முன்னம் சொல்லுங்கோ. பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை."

சொல்வதா, விடுவதா என்று நான் புரண்டுகொண்டிருந்த அந்தக் கிழமைதான் டிப்போவிலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் அனுபவத்தைக் கதைக்க வேண்டுமாம். போனேன். கதைத்து முடிய ஒரு பெடியன் எழும்பினான்.

"அண்ணை, ஓவர்லோட் எண்டா எத்தினை பேர்?"

"பஸ்ஸிலை எழுதியிருக்கே. வாசிக்கத் தெரியாதோ?"

"எழுதினது தெரியும் அண்ணை. நீங்கள் எத்தினை பேரோட மணி அடிச்சனீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, பஸ்ஸில் கதிரை கொண்டுவந்த ஒருவரின் கதையைச் சொல்லித் தப்பிவிட்டேன். மூன்றாம் வரிசையில் இருந்த என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஓவர் என்ற சொல் இல்லாமல் எங்கள் தொழில் ஒரு மைல் ஓடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரிக்கெற் வெட்டுவதற்கும் மிச்சக் காசு கொடுப்பதற்கும் வயது போனவர்களைக் கைபிடித்து ஏற்றுவதற்கும் சில கிழமைகள் பழக்கினார்கள். ஓவர் என்ற சொல்லை ஒருவரும் பழக்கவில்லை. அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. விடிய ஓடிய பஸ்ஸை மாற்றாள் இல்லாமல் பின்னேரமும் ஓட்டினால் ஓவர்டைம். அதைக் கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் கோபமில்லை. மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காட்டுக்குள் பஸ் புகைத்துக்கொண்டு நின்றால் ஓவர்ஹீற். எல்லாரும் இறங்கிப் பாலைமர நிழலில் இருப்பார்கள். யாரோ ஒருவர் போத்தலோடு குளக்கட்டுக்குப் போவார். பின்னால் வந்த தனியார் பஸ் எங்களைத் தூசியில் குளிப்பாட்டிவிட்டுப் போனால் ஓவர்டேக். மிச்சக் காசு கேட்டுச் சண்டை பிடிப்பவருக்கு, "அண்ணை, ஓவராக் கதைக்காதையுங்கோ." கடைசி ஓட்டம் முடிந்து டிப்போவுக்குள் திரும்பும்போது, "இண்டைக்கு ஓவர்."

ஒரே சொல்தான். நல்லது கூடினாலும் ஓவர், கெட்டது கூடினாலும் ஓவர். முடிந்தாலும் ஓவர். ஆனால் ஓவர்லோட் என்ற சொல்லை மட்டும் நாங்கள் வாயால் சொல்லுவதில்லை. சொன்னால் ஆட்களை இறக்க வேண்டிவரும். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ" என்போம். "உள்ளுக்குப் போங்கோ, நடுவிலை வெளியாய்க் கிடக்கு" என்போம். நடுவில் ஒருநாளும் வெளியாய்க் கிடந்ததில்லை.

அந்தக் கதிரைக்காரர் புதுக்குடியிருப்பில் ஏறியவர். போர் முடிந்து சனம் மீளக்குடியேறிய காலம். வீட்டுக்கு முதல் சாமானாக நாலு பிளாஸ்டிக் கதிரை வாங்கி, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டு வந்தார். அடுக்கு நடுவழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஒருவரும் அசைய ஏலாது. கொஞ்சத் தூரம் போனபின் ஒரு வயதான மனிசி சொன்னாள்: "தம்பி, உதைப் பிரிச்சு வையன். நாலு பேர் இருக்கலாம்." பிரித்து வைத்தார். நாலு பேர் இருந்தார்கள். கதிரைச் சொந்தக்காரர் மட்டும் நின்றுகொண்டு வந்தார். நான் ரிக்கெற் வெட்டப் போக, தன் கதிரையில் இருக்கிற மனிசியைக் காட்டி, "இவவுக்கு ரிக்கெற் நான் வெட்டவோ, நீங்கள் வெட்டிறியளோ" என்று கேட்டார். அப்படி நாங்களும் சிரித்துக்கொண்டுதான் ஓவர்லோட் ஓடினோம். அந்த நாட்களில் ஒரு வீதிக்கு ஒரு பஸ். ஏற்றாமல் விட்டால் அவர்கள் வெயிலில் நின்று, பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

சாரதி நடத்துனருக்கு மேலதிகாரி இல்லை; இருவரும் சமம். விதி அப்படித்தான் சொல்கிறது. எங்கள் சாரதி சலீம் நானாவோடு ஓடிய ஒருவரும் அந்த விதியை நம்பியதில்லை. நானா முல்லைத்தீவுக்காரர். இடம்பெயர்ந்து கனகாலம் புத்தளத்தில் இருந்து, அங்கேயே பஸ் ஓட்டி, பாதை திறந்தபின் சொந்த மாவட்டத்துக்கு மாற்றம் கேட்டு வந்தவர். ஒல்லியான மனிசன். தோளில் எப்போதும் ஒரு சின்னத் துவாய் கிடக்கும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை.

அவருடைய முறை இதுதான். பஸ்ஸில் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டால், எஞ்சினை நிற்பாட்டுவார். அவ்வளவுதான். ஒன்றும் சொல்ல மாட்டார். துவாயை எடுத்து ஸ்ரேறிங்கைத் துடைப்பார். கண்ணாடியைத் துடைப்பார். பிறகு திரும்பவும் ஸ்ரேறிங். ஓடுகிற பஸ்ஸில் காற்று வரும்; நின்ற பஸ்ஸுக்குள் வெக்கைதான் ஏறும். வெக்கை ஏற ஏற முதலில் மிதிபலகையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். "என்ன நானா, பஸ் பழுதோ?" என்று யாராவது கேட்டால், "பஸ் நல்லாத்தான் இருக்கு" என்பார். கேட்டவர் யோசிப்பார். பிறகு அவரும் இறங்குவார். தனக்குச் சரியென்று பட்டதும் எஞ்சின் உறுமும். சண்டை இல்லை, ஏச்சுப் பேச்சு இல்லை. நான் தொண்டை கிழியக் கத்தி இறக்காதவர்களை நானா ஒரு துவாயால் இறக்கினார்.

ஓட்டத்திலும் அப்படித்தான். தனியார் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தப் பார்த்தால் ஒதுங்கி விட்டுவிடுவார். இளசுகளுக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

"நானா, உங்களை ஒரு மாட்டு வண்டில் ஓவர்டேக் பண்ணுது, கண்டனீங்களோ?"

"போகட்டும் தம்பி. மாட்டுக்கு வீட்டிலை அலுவல் இருக்கும்."

நானாவின் முறைக்கு ஒத்துவராத நாள் வருசத்தில் ஒன்று உண்டு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மறுநாள் காலை. இரவிரவாகக் கண்விழித்த சனம் முழுக்க ஒரே நேரத்தில் வீட்டுக்குத் திரும்பும். எஞ்சினை நிற்பாட்டினால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். அப்படியே நின்றபடி நித்திரை கொள்வார்கள். அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது.

அதைச் சொல்ல முதல் எங்கள் பக்கத்துப் பஸ்களின் இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும். சனம் கூடினால் முதலில் சாமான், பிறகு பிள்ளை, கடைசியில்தான் ஆள். பையை யன்னலால் நீட்டினால் உள்ளே இருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவரா தெரியாதவரா என்ற கேள்வி இல்லை. பிள்ளையும் அப்படித்தான். தாய் யன்னலால் பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு ஓடுவாள். பிள்ளை யாரோ ஒருவர் மடியில் பயணம் செய்யும். இறங்கும்போது அதே யன்னலால் வாங்கிக்கொள்வாள். இதில் ஒருவரும் பிழை கண்டதில்லை. பிள்ளைக்கும் அது சௌகரியம்.

மற்றது மணி. ஒரு மணி நிற்க, இரண்டு மணி போக. ஆனால் நிறைந்த பஸ்ஸில் நடத்துனர் நடுவில் இறுகிப்போய் நிற்பான். பின்கதவு அவனுக்குத் தெரியாது. ஆகவே மிதிபலகையில் கடைசியாக நிற்பவர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்" என்பார். அதைக் கேட்டு நான் கயிற்றை இரண்டு தரம் இழுப்பேன். எல்லாப் பஸ்ஸிலும் அதுதான் நடைமுறை.

அன்றைக்கு ஒட்டுசுட்டான் சந்தியில் ஒரு இளம் தாய் கைகாட்டினாள். இடுப்பில் நடை பழகும் வயதில் ஒரு பிள்ளை. வவுனியா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக நின்றவள். பிள்ளையை ஒரு யன்னலால் கொடுத்தாள். வாங்கியவர் பூவரசங்குளத்துக்குப் போகும் ஒரு அக்கா. மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். தாய் பின்கதவுக்கு ஓடினாள். ஒரு காலைப் பலகையில் வைத்தவள், நிலத்தில் விழுந்த கிளினிக் பையை எடுக்க அந்தக் காலையும் இறக்கியிருக்கிறாள். கம்பியில் தொங்கியவர் கால் வைத்ததைக் கண்டார், இறக்கியதைக் காணவில்லை. இரண்டு தட்டு. "ரைட்." நான் இரண்டு மணி. பஸ் எடுபட்டது.

தாய் கத்திக்கொண்டு ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். அந்த எஞ்சின் சத்தத்துக்குள் அது ஒருவர் காதிலும் விழவில்லை.

கொஞ்சத் தூரம் போகப் பிள்ளை அழத் தொடங்கியது. பூவரசங்குளத்து அக்கா எட்டிப் பார்த்து, "புள்ள அழுவுது, தாய கூப்புடுங்க" என்றார். சொல் வாய்க்கு வாய் பின்னுக்குப் போனது. பதிலும் வாய்க்கு வாய் திரும்பி வந்தது. "தாய் பின்னுக்கு நிக்கிறாவாம். தன்ர பிள்ளைதானாம். அழட்டுமாம்."

"என்னா தாயி இவ" என்றார் அக்கா. "அழட்டுமாம்ல." பையிலிருந்து ஒரு பிஸ்கற்றை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தார். பிள்ளை அடங்கியது. பஸ் காட்டுக்குள் போனது. பாதிப் பேர் நித்திரை.

அடுத்தமுறை பிள்ளை அழுதபோது பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது. "பெடியன் தகப்பன்ர மடியிலைதானே இருக்கிறான்? ஏனாம் அழுறான்?"

அக்கா மடியில் இருந்ததைப் பார்த்தார். "இது பொம்பளப்புள்ள" என்றார்.

அந்தச் சொல் பின்னுக்குப் போகவில்லை. என் கிட்டத்தில் நின்றவர்களோடு நின்றுவிட்டது. முன்னால், தகப்பனின் மடியில் ஒரு பெடியன் வாயைத் திறந்தபடி நித்திரை. பின்னால் நின்று பதில் சொன்னவள் அவனுடைய தாய். அழுதது அவனில்லை.

"அப்ப உது ஆற்ற பிள்ளை?" என்று நான் கேட்டேன். பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். நித்திரை கொண்டவர்கள் எழும்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் கை தானாகக் கயிற்றைப் பிடித்து ஒருமுறை இழுத்தது.

எந்தக் காலம் என்பதை வாசிப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். போரில் காணாமற்போன பிள்ளையைத் தேடிப் படத்தோடு திரியும் தாய்மார் ஒவ்வொரு பஸ்ஸிலும் இருந்த காலம். அன்றைய பஸ்ஸிலும் இருந்தார்கள். ஒட்டுசுட்டான் வீதியில் இன்னொரு தாய் இப்போது நிற்கிறாள். அவளுடைய பிள்ளை எங்களிடம் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும், எங்கே போகிறது என்று தெரியாது. கைத்தொலைபேசி சிலரிடம் இருந்தது. அந்தக் காட்டில் சிக்னல் இல்லை.

நானா எஞ்சினை நிற்பாட்டிவிட்டு எழும்பி வந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். பஸ்ஸுக்குள் கதை தொடங்கியது.

"முன்னுக்கு ஒரு சென்றி இருக்கு. ஆமியிட்டைக் குடுத்திட்டுப் போவம். அவை விசாரிச்சுக் குடுப்பினம்" என்றார் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர்.

பெண்களின் பக்கமிருந்து ஒரே சத்தம். என்ன சொன்னார்கள் என்று தனித்தனியே பிரித்தெழுத முடியாது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"மாங்குளத்துக்குப் போய் ஒரு ஓட்டோவிலை திருப்பி அனுப்பலாமே" என்றார் இன்னொருவர். "எனக்கு வவுனியாவிலை ரெயின்."

"ரெயின் நாளைக்கும் ஓடும்" என்றார் நானா. "எல்லாரும் கொஞ்சம் இறங்குங்கோ."

"எல்லாருமோ?"

"ஓம். லோட்டோட இந்த றோட்டிலை திருப்பேலாது. கரை புதையும்."

அந்த வீதி அப்போது ஒடுக்கம். இரண்டு பக்கமும் கிரவல் கரை, கரைக்கு அப்பால் பள்ளம். முறுமுறுத்துக்கொண்டு இறங்கினார்கள். இறங்க இறங்கப் பஸ் நிமிர்ந்தது. ஒரு பஸ் வயிற்றுக்குள்ளிருந்து இவ்வளவு சனம் இறங்குவதை அன்றைக்குத்தான் நான் வெளியே நின்று பார்த்தேன். காட்டு வீதி ஒரு சந்தையாகிவிட்டது. நானா பஸ்ஸை முன்னும் பின்னுமாக வெட்டித் திருப்பினார். பின்சில்லுக்குப் பக்கத்தில் நின்று நான் கை காட்டினேன். திருப்பியதும் யன்னலால் தலையை நீட்டி, "நிழலிலை இருங்கோ. பிள்ளையைத் தாயிட்டைக் குடுத்திட்டு வாறம்" என்றார். வெறும் பஸ்ஸில் நானா, நான், பூவரசங்குளத்து அக்கா, அவர் மடியில் பிள்ளை. நானா அன்றைக்குத்தான் வேகமாக ஓட்டினார்.

கொஞ்சத் தூரத்தில் எதிரே ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் டக்கு டக்கென்று வந்தது. பின்பெட்டியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஓட்டுபவரின் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, வெறும் காலோடு, தலைமயிர் அவிழ்ந்து. சந்தியில் அந்த நேரம் நின்ற வாகனம் அது ஒன்றுதான். பஸ்ஸை அதில் துரத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

நானா நடுவீதியில் நிற்பாட்டினார். அவள் பெட்டியிலிருந்து குதித்துப் பஸ்ஸுக்குள் ஏறினாள். அக்கா எழும்பிப் பிள்ளையை நீட்டினார். அவள் வாங்கினாள். அழவில்லை. பிள்ளையின் கையைப் பார்த்தாள்.

"ஆர் இதுக்குப் பிஸ்கற் குடுத்தது?"

"அழுதிச்சும்மா" என்றார் அக்கா.

"வயித்தாலை போகுது எண்டுதானே கிளினிக்குக்குக் கொண்டுபோறன்."

பிஸ்கற்றைப் பிடுங்கி யன்னலால் எறிந்தாள். பஸ் முழுக்க இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. அவள் நடுவழியில், தகரத் தரையில் பிள்ளையோடு குந்திவிட்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று நான் பார்க்கவில்லை. நானாவும் பார்க்கவில்லை. துவாயை எடுத்து ஸ்ரேறிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே லாண்ட்மாஸ்டர்காரர் வியர்வையைத் துடைத்தார். "நானா, மாங்குளத்துக்குள்ளை உங்களை ஓவர்டேக் பண்ணிப்போடலாம் எண்டுதான் வந்தனான்."

"பண்ணிப்போட்டாய் தம்பி" என்றார் நானா.

அவள் தானாக எழும்பி ஒரு இருக்கையில் இருந்தபின்தான் எஞ்சின் உறுமியது. திரும்பவும் பஸ்ஸை மறுபக்கம் திருப்பி, சனத்தை விட்ட இடத்துக்குப் போனோம். யன்னலால் தாயையும் பிள்ளையையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினார்கள்.

அங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதே பஸ். அதே ஆட்கள். ஆனால் கொள்ளவில்லை. ஒட்டுசுட்டானிலிருந்து அங்கு வரை வந்தவர்கள் முழுப் பேரும் திரும்ப ஏற முடியவில்லை. ஒருவரும் நெருங்கி நிற்கவில்லை. அந்தத் தாய் இருந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம், கதவடியில் கொஞ்சம், என்னைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டே நின்றார்கள். நான் "உள்ளுக்குப் போங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடினேன். வெளியே கொஞ்சப் பேர் மிஞ்சினார்கள். ரெயினுக்குப் போகவிருந்தவரும் அதில் ஒருவர்.

"நீங்கள் போங்கோ" என்றார் அவர். "பின்னாலை இன்னொரு பொங்கல் ஸ்பெஷல் வரும்தானே."

நான் நடந்து பின்கதவுக்குப் போனேன். அந்த ஓட்டத்தில் அப்போதுதான் முதன்முறையாகப் பின்கதவுக்கு நடந்துபோக முடிந்தது. மிதிபலகையில் ஒருவருமில்லை. வீதியில் ஒருவரும் கால் தூக்கவில்லை. பிறகு திரும்பிவந்து இரண்டு மணி அடித்தேன்.

மாங்குளத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது நானா ஒன்றே ஒன்று சொன்னார். "தம்பி, இனி மணி உம்மட கண்ணாலை பாத்து உம்மட கையாலை அடியும். தகரத்திலை தட்டுற மணிக்கு நான் எடுக்க மாட்டன்." அன்றிலிருந்து எடுக்கவில்லை. யாராவது தகரத்தில் தட்டினால் துவாயைத் தேடுவார்.

ஆகவே டிப்போவில் கேட்ட பெடியனுக்கு என் பதில்: எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நடத்துனர் முன்கதவிலிருந்து பின்கதவுக்கு நடந்துபோய், பார்த்து, திரும்பிவர முடிகிற மட்டும்தான் பஸ். அதற்கு மேல் ஏறுகிற முதலாவது ஆளே ஓவர். அவர் மெலிந்தவரா, கெஞ்சுகிறாரா, சொந்தக்காரரா என்பதெல்லாம் வேறு விசயம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு நித்திரை நல்லாய் வந்ததாகச் சொல்ல மாட்டேன். இப்போதும் பஸ்ஸில் ஏறினால், பிள்ளையோடு யன்னலோரம் இருப்பவரிடம், "உங்கட பிள்ளைதானோ?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் கோபிக்கிறார்கள். ஒருமுறை ஒரு தகப்பன், "சந்தேகமெண்டா மனிசியிட்டைக் கேளுங்கோ" என்றான். இப்படிப்பட்டவன் தன் மகளை அந்த மிதிபலகையில் கண்டால் என்ன செய்வான்? வேலையை விடச் சொல்வது என்று தீர்மானித்தேன். ஆனால் ஒருநாள், ஒரு ஓட்டம், அவள் எப்படிச் செய்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று வைத்துக்கொண்டேன்.

அவள் முதன்முதல் தனியே ஓடிய காலை, வீட்டு வாசலில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினேன். என்னைக் கண்டதும் அவளுடைய முகம் கொஞ்சம் சுருங்கியது.

"எங்கை?"

"மாங்குளம்."

ரிக்கெற்றை அடித்துக் கையில் தந்தாள். காசை வாங்கிக்கொண்டு மற்றவர்களைப் போலவே என்னையும் தாண்டிப் போனாள். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியில் ஆட்கள் ஏறினார்கள். அவள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். நடக்க நடக்க வழி ஒடுங்கியது. அடுத்த தரிப்பில் வெள்ளைச் சட்டையோடு இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றார்கள். கையில் கொப்பி விரித்தபடி, பரீட்சை நாள். மணி ஒன்று அடித்தாள். பஸ் நின்றது. அவள் கதவடியில் நின்று உள்ளே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அப்பா, மாங்குளத்திலை என்ன அலுவல்?"

"சும்மா."

"அப்ப இறங்குங்கோ."

"என்ன?"

"அந்தப் பிள்ளையளுக்குச் சோதினை. உங்களுக்கு அலுவல் இல்லை. இறங்குங்கோ."

நான் குரலைத் தணித்துச் சொன்னேன். "கொஞ்சம் நெருங்கி நிண்டா ரெண்டு பேரும் கொள்ளுவினம்."

"கொள்ளாதப்பா."

பக்கத்தில் நின்றவர் எனக்காகக் கதைத்தார். "பிள்ளை, அவர் பழைய கொண்டக்டரெல்லோ."

"தெரியும். என்ர அப்பா."

பஸ் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முழங்காலைப் பார்த்துப் பார்த்து இறங்கினேன். எனக்காகக் கதைத்தவர் ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, "நானும் உதிலை ஒரு தேத்தண்ணி குடிக்கத்தான் போறன்" என்று சொல்லி எனக்குப் பின்னால் இறங்கினார். பிள்ளைகள் இருவரும் ஏறினார்கள். பஸ் போனது. மிதிபலகையில் ஒருவருமில்லை, பின்கண்ணாடிக்குள்ளால் அவள் முன்னுக்கு நடந்துபோவது தெரிந்தது.

"வளத்து வைச்சிருக்கிறியள் அண்ணை" என்றார் அந்த மனிசன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே. அவரோடு கதைத்துக்கொண்டு வெயிலில் வீடுவரை நடந்தேன்.

வாசலில் மனைவி நின்றாள். "சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"ஏன்?"

"இடமில்லையெண்டு இறக்கிப்போட்டாள்."

அவள் கோழிக் கூட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடியும்வரை நான் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

பின்னேரம் மகள் வந்து, பையைக் கழற்றி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டுமென்று வைத்திருந்த கதையைத் தேடினேன். வாயில் வந்தது வேறு.

"மாங்குளத்துக்கு ரிக்கெற் எடுத்தவனைப் பாதி வழியிலை இறக்கிப்போட்டாய்."

"ரிக்கெற்றை வைச்சிருங்கோ அப்பா" என்றாள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "நாளைக்கு வந்து மிச்சத்தை ஓடுங்கோ. இடமிருந்தா."